ஊமைக் கட்டை

மெல்பர்ன்,
8 மார்ச் 1987

அன்புத் தம்பி கிளைவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் மாடுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதற்கு முந்தையதற்கும் போடவில்லை. பேனா பிடித்தால் உனக்குக் கை சுளுக்கிக்கொள்ளும் என்று தெரியும். ஆனால் இந்தக் கடிதத்துக்குக் கட்டாயம் பதில் வேண்டும்.

சேதி இதுதான். நவம்பரில் இங்கே ஒரு நல்ல அரங்கில் அம்மாவின் 'வேலி' முழுவதையும் ஒரே மாலையில் வாசிக்கப் போகிறார்கள். பியானோவுக்கான பன்னிரண்டு துண்டுகளில் பதினொன்று என் கையில் இருக்கின்றன. கடைசியை அம்மா இன்னும் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். கச்சேரிப் புத்தகத்துக்கு விளக்கக் கட்டுரை எழுதும் பொறுப்பு எனக்கு. தோரா பென்ரைஸ் என்ற பெயரை இந்த ஊர் மேதாவிகள் இப்போதுதான் தடுமாறாமல் சொல்லப் பழகுகிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. நேற்று பதினொன்றையும் வரிசையாக வாசித்தேன். ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி பார்த்தபோதுதான் பிடிபட்டது. பியானோவின் நடுவில் இருக்கும் 'ஏ' என்ற ஸ்வரம், ஒரு கச்சேரியில் எல்லா வாத்தியங்களும் எதை வைத்துச் சுருதி சேர்க்குமோ அதே ஸ்வரம், ஓர் இடத்தில்கூட இல்லை. மேலே உள்ள 'ஏ' வருகிறது, கீழே உள்ளதும் வருகிறது. நடுவில் உள்ள அந்த ஒரு கட்டையை மட்டும் அம்மா தொடவே இல்லை. ஏழாவது துண்டில் வலது கை படிப்படியாக ஏறி வந்து, அந்தக் கட்டைக்கு முன்னால் நின்று, ஒரு மூச்சு விட்டு, தாண்டிப் போய் அடுத்ததில் இறங்குகிறது.

1983-க்கு முன்னால் எழுதியவற்றில் அந்த ஸ்வரம் தாராளமாகப் புழங்குகிறது. அந்த வருஷம் என்ன நடந்தது? அம்மாவிடம் நேராகக் கேட்காதே, முறைப்பாள். டீ குடிக்கும்போது மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
ரொவீனா


கிராஸி, கிங் தீவு,
4 ஏப்ரல்

அக்காவுக்கு,

நலம். அம்மா நலம். மாடுகள் நலம். நாய்க்கு மட்டும் காலில் முள்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். போன வாரப் புயலில் கரையெல்லாம் கடற்பாசி ஒதுங்கிவிட்டது. விற்பதற்காக அதை டிராக்டரில் கட்டி இழுத்துக் கம்பங்களில் காயப் போடுவதிலேயே பொழுது போனது. "வாசல்லயே நில்லுடா, உன்கூட கடலும் உள்ள வருது" என்று அம்மா துரத்துகிறாள்.

அம்மாவுக்குக் காலையில் பியானோ, மதியம் தோட்டம், சாயங்காலம் ரேடியோ. இப்போதெல்லாம் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாகவே வைக்கிறாள். மாடுகளும் செய்தி கேட்கின்றன. பால் விலை சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

நீ கேட்டதைப் பற்றி: நான் கேட்கவில்லை. சந்தர்ப்பம் அமையவில்லை. 1983-ல் குறிப்பாக ஒன்றும் நடந்ததாக ஞாபகம் இல்லை. மழை அதிகம்.

கச்சேரி நல்ல சேதி. அம்மா நான்கு பேரிடம் சொல்லிவிட்டாள். இந்தத் தீவில் அது எல்லோரிடமும் சொன்ன மாதிரி.

தம்பி,
கிளைவ்


மெல்பர்ன்,
19 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

உங்கள் நலம் அறிந்து மகிழ்ச்சி. நாயின் நலத்தையும் எழுது.

'மழை அதிகம்' என்று எழுதியிருக்கிறாயே, மடையா, 82 குளிர்காலத்தில் அப்பா போனார். அடுத்த வருஷம் அம்மா எழுத ஆரம்பித்ததுதான் 'வேலி'. உனக்கு மழைதானா ஞாபகம் இருக்கிறது?

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாடுகளைக் கூப்பிட அப்பா ஒரு சீழ்க்கை அடிப்பாரே, நீளமாக ஒன்று, அப்புறம் சின்னதாக ஓர் இறக்கம். அந்த நீளமான ஒலி 'ஏ' தான். எனக்கு அப்படித்தான் காதில் நிற்கிறது. அப்பாவின் ஸ்வரத்தை அம்மா தொடவில்லை. நாம் எல்லோரும் எதைக் கேட்டுச் சுருதி சேர்ந்துகொள்வோமோ அதையே பிடுங்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்து ஒரு வீட்டை நிறுத்தியிருக்கிறாள். மூன்றாவது துண்டில் இரண்டு கைகளும் இரண்டு பக்கமிருந்து அந்த இடத்தை நோக்கி வருகின்றன. கிட்டே வந்ததும், நடுவில் ஓர் ஆள் படுக்கும் இடம் விட்டு நின்றுவிடுகின்றன. ஒன்பதாவதில் அந்த ஸ்வரம் வந்தே தீர வேண்டிய இடத்தில் வெறும் மௌனம் எழுதியிருக்கிறாள். கேட்கிறவர்கள் மனசுக்குள் அதை அவர்களே பாடிக்கொள்ள வேண்டும். இதைப் புரிந்துகொண்டபோது நான் அழுதுவிட்டேன்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அப்பாவின் சீழ்க்கை உனக்கு அப்படியே வரும். அம்மா தோட்டத்தில் இருக்கும்போது அடித்துப் பார்த்து, பியானோவில் அந்தக் கட்டையைத் தட்டி, இரண்டும் சேர்கிறதா என்று எனக்கு எழுது. ஒரு நிமிஷ வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரொவீனா


கிராஸி,
30 மே

அக்காவுக்கு,

நலம். நாயும் நலம்.

நம் கரையில் பிடித்த மட்டன்பறவை இரண்டை உப்பிட்டு அனுப்பியிருக்கிறேன். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டால் என் பெயரைச் சொல்லாதே.

சீழ்க்கை அடித்துப் பார்த்தேன். மாடுகள் வந்தன. பியானோவோடு ஒப்பிடவில்லை. அது பழைய பியானோ, இந்த ஈரக்காற்றில் சுருதி நிலையாக நிற்பதில்லை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒன்று சொல்லலாமா? அப்பாவைப் பற்றிக் கட்டுரையில் போடாமல் விட்டால் என்ன? அந்த ஒரு ஸ்வரத்தை இவ்வளவு பெரிதாக்க வேண்டாமே. எனக்கு இசை தெரியாது. தோன்றியதை எழுதினேன்.

அம்மா நலம். நேற்று அடுப்பில் கெட்டில் கத்திக்கொண்டே இருந்தது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ யோசனை போலிருக்கிறது.

கிளைவ்


மெல்பர்ன்,
21 ஜூன்

அன்புத் தம்பிக்கு,

நலம், ஆனால் உன் மேல் கோபம். பறவைக்கு நன்றி, அதை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறேன்.

அப்பாவைப் பற்றிப் பேச உனக்கு ஏன் இவ்வளவு கூச்சம்? நான் போன வாரம் வானொலியில் பேசியே விட்டேன். ஏழாவதையும் ஒன்பதாவதையும் வாசித்துக் காட்டி, அம்மா தொடாமல் விட்ட அந்தக் கட்டையைப் பற்றிச் சொன்னேன். கேட்டவர்கள் கடிதம் எழுதிக் குவிக்கிறார்கள். பல்லரட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: இறந்துபோன கணவர் உட்கார்ந்த நாற்காலியில் அவளும் இன்றுவரை உட்காரவில்லையாம். உங்கள் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்கிறாள். இதை நான் பெரிதாக்க வேண்டாம் என்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனில் பேசினேன். "என்னடி முணுமுணுக்கிற, வாயைத் திறந்து பேசு" என்று திட்டு. உங்கள் தீவு லைனை யாரும் சரிசெய்யவே மாட்டார்களா? கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் அந்த ஸ்வரத்தைப் பற்றி நானே கேட்டுவிட்டேன். "அதை கிளைவைக் கேளு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உன்னை ஏன் கேட்க வேண்டும்? கட்டுரை ஆகஸ்ட் முடிவில் அச்சுக்குப் போகிறது. உடனே எழுது.

ரொவீனா


கிராஸி,
25 ஜூலை

அக்காவுக்கு,

இந்த முறை நலம் என்று எழுத வரவில்லை.

ஹோபார்ட்டிலிருந்து காது டாக்டர் ஒருவர் வந்திருந்தார். அம்மாவை அழைத்துப் போனேன். வலது காது ஏறக்குறைய முடிந்துவிட்டதாம். இடதும் போய்க்கொண்டிருக்கிறது. நரம்புக் கோளாறு, மருந்து கிடையாது. மெஷின் வைத்தால் பேச்சுக்கு ஓரளவு உதவும், இசைக்கு உதவாது. "வருஷக்கணக்கா போயிட்டு இருந்திருக்கே, வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று என்னைக் கேட்டார். கவனித்தேன் அக்கா. கவனித்துவிட்டு, மாடுகள் செய்தி கேட்கின்றன என்று உனக்கு வேடிக்கையாக எழுதினேன்.

இனி மற்றது. உன் 'ஏ' அப்பா இல்லை. அந்தக் கட்டை வேலை செய்யவில்லை.

83 மழையில் பியானோவுக்குள் ஈரம் இறங்கி, அந்தக் கட்டைக்கு உரிய, கம்பியைத் தட்டும் சுத்தியலின் காம்பு முறிந்துவிட்டது. அழுத்தினால் 'டொக்' என்று மரச் சத்தம், அவ்வளவுதான். "டிரெம்பத் வரும்போது நம்ம வீட்டுக்கும் சொல்லி வைடா" என்று அம்மா என்னிடம் சொன்னாள். உனக்கு ஞாபகம் இருக்கும், லான்செஸ்டனிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை விமானத்தில் வந்து, பள்ளிக்கூடம், தேவாலயம், நாலைந்து வீடுகள் என்று எல்லாப் பியானோவுக்கும் சுருதி சேர்த்துவிட்டுப் போவாரே, அவர்தான். முன்கூட்டியே கடையில் பெயர் சொல்லி வைக்க வேண்டும். அது கன்று போடும் காலம். நான் மறந்துவிட்டேன். அவர் வந்து திரும்பிப் போன பிறகுதான் நினைவு வந்தது.

அம்மா கேட்டபோது மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு திட்டோடு போயிருக்கும். நான், "கேட்டேம்மா, இது ரொம்பப் பழசாம், பிரிச்சா மொத்தமா போயிடுமாம், தொடவே மாட்டேன்னுட்டார்" என்றேன். அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மா "சரி" என்றாள். அதோடு அந்தக் கட்டையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அப்புறம் வருஷா வருஷம் டிரெம்பத் வரும் நாட்களில் நான் பாசி அள்ளக் கரைக்குப் போய்விடுவேன். அவரைக் கூப்பிட்டால் என் பொய் வெளிப்படும். கூப்பிடாவிட்டால் கட்டை ஊமையாகவே கிடக்கும். நான் பொய்யைத்தான் காப்பாற்றினேன். அம்மாவுக்குக் காது கேட்ட வருஷங்கள் எல்லாம் அதிலேயே போய்விட்டன.

நீ வானொலியில் பேசியது தெரிந்த பிறகு இனியும் மறைப்பது சரியில்லை என்று தோன்றியது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

கிளைவ்


மெல்பர்ன்,
19 ஆகஸ்ட்

கிளைவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது அம்மாவைப் பற்றிய கவலை இல்லை. ஐயோ, வானொலியில் பேசிவிட்டேனே, இனி எப்படி முகத்தைக் காட்டுவேன் என்ற கவலை. அதற்கு அப்புறம்தான் அம்மா வந்தாள். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அப்பாவின் காரியத்துக்குப் பிறகு நான் வந்தது ஒரே ஒரு முறை. காலை விமானத்தில் வந்து மாலை விமானத்தில் திரும்பினேன். என் கைப்பையை எங்கே வைத்தேன் தெரியுமா? பியானோவின் மேல். மூடியைத் திறக்கவில்லை. திறந்து ஒரே ஒரு தடவை விரலை ஓட்டியிருந்தால் போதும். இங்கே உட்கார்ந்துகொண்டு, தாளில் இல்லாத ஒரு ஸ்வரத்தைக் கண்டுபிடித்தேன் என்று துள்ளினேன். போனில் அம்மா "என்னது, என்னது" என்று கேட்டபோது லைனைக் குறை சொன்னேன். எனக்கும் காது இருக்கிறது என்று இசையைப் பற்றி எழுதி நாலு பேரிடம் சம்பளம் வேறு வாங்குகிறேன்.

கட்டுரையை நிறுத்தி வைத்துவிட்டேன். நீ டிரெம்பத்துக்குப் போன் செய். வருஷ முறைக்குக் காத்திருக்க வேண்டாம், தனியாக வரச் சொல். ஆனால் அதற்கு முன் அம்மாவிடம் நீயே சொல்ல வேண்டும். என்னைச் சொல்லச் சொல்லாதே.

அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். உன்னையும்.

ரொவீனா


கிராஸி,
6 செப்டம்பர்

அக்காவுக்கு,

அம்மா நலம். சொல்லிவிட்டேன்.

இப்படி ஒரு விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இடது காதுப் பக்கம் உட்கார்ந்து மெதுவாக முழுவதையும் சொல்லி முடித்தேன். "என்னது?" என்றாள். மறுபடி சொன்னேன். "சத்தமாத்தான் சொல்லேண்டா" என்றாள். தொண்டை கிழியக் கத்தினேன்: "நான் டிரெம்பத்தைக் கேக்கவே இல்லம்மா! உன்கிட்ட பொய் சொன்னேன்!" நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

அம்மா கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படிம்மா?"

"பக்கத்துப் பண்ணை மேவிஸ் வீட்டுல அந்த மனுஷனைப் பார்த்தேனே. 'என்ன மிஸஸ் பென்ரைஸ், இப்பல்லாம் என்னைக் கூப்பிடறதே இல்ல, வேற ஆள் பிடிச்சிட்டீங்களா'ன்னு கேட்டார்."

"எப்ப?"

"அடுத்த வருஷமே."

"அப்பவே அவரைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா!"

"கூட்டிட்டு வந்தா நீ மூஞ்சியை எங்க வெச்சுப்ப? நீயே வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். இந்த வாரம் சொல்லுவான், அடுத்த வாரம் சொல்லுவான்னு இருந்தேன்." கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "முதல் மூணையும் முடிச்சது உன் மேல இருந்த கோவத்துலதான். அப்புறம் அந்தக் கட்டை இல்லாம எழுதறது பழகிப்போச்சு. அதைச் சுத்திச் சுத்தி வர்றதுல ஒரு ருசி வந்துடுச்சு. காது இவ்வளவு சீக்கிரம் போயிடும்னு எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா உன் முதுகுல ரெண்டு வெச்சு அனுப்பியிருப்பேன்."

நீ அதை அப்பாவின் சீழ்க்கை என்று எழுதியதையும் கத்திச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த மனுஷன் சீழ்க்கை எந்தச் சுருதியில சேர்ந்துச்சு!" என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள்.

"அவளை இங்க வந்து வாசிச்சுப் பார்த்துட்டு எழுதச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான் சொல்லச் சொன்னாள்.

டிரெம்பத் அக்டோபர் முதல் வாரம் வருகிறார். அம்மா என்னைத் திட்டவே இல்லை அக்கா. திட்டியிருக்கலாம்.

கிளைவ்


மெல்பர்ன்,
20 செப்டம்பர்

அன்புத் தம்பிக்கு,

நலம். அம்மா சொன்னது எனக்குச் சரியான அடி. அக்டோபர் கடைசியில் வருகிறேன். காலை வந்து மாலை திரும்ப மாட்டேன், ஒரு வாரம் இருப்பேன். பிறகு உங்கள் இருவரையும் கையோடு அழைத்து வருவேன்.

நேற்று பதினொன்றையும் மறுபடி வாசித்தேன். காரணம் தெரிந்த பிறகு இசை சின்னதாகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். ஆகவில்லை. ஏழாவதில் அந்த மூச்சு முன்பு எனக்குத் துக்கமாகக் கேட்டது. இப்போது, வீட்டில் ஓர் உடைந்த படி இருந்தால் கால் தானாகத் தாண்டிப் போகுமே, அப்படிக் கேட்கிறது. மூன்றாவதில் இரண்டு கைகளும் நின்று பார்ப்பது யாரை என்று இப்போது தெரிகிறது. உன்னைப் பார்க்கின்றன. என்னையும்தான். அதை வாசித்து முடிக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கட்டுரையை மாற்றிவிட்டேன். அப்பாவை எடுத்துவிட்டேன். "இந்தத் துண்டுகள் எழுதப்பட்ட பியானோவில் அந்தக் கட்டை ஒலிக்கவில்லை. அதைச் சரிசெய்திருக்க வேண்டிய பிள்ளைகள் இருவரும் செய்யவில்லை" என்று போட்டிருக்கிறேன். 'இருவரும்' என்று எழுதியதற்குச் சண்டைக்கு வராதே.

பல்லரட் பெண்ணுக்கும் உண்மையை எழுதினேன். பதில் வந்தது. "பரவாயில்லை, என் வீட்டு நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது" என்கிறாள்.

பன்னிரண்டாவது துண்டு வராவிட்டால் பதினொன்றோடு முடித்துக்கொள்வோம். அம்மாவை அவசரப்படுத்தாதே.

அன்புடன்,
ரொவீனா


கிராஸி,
12 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

டிரெம்பத் வந்தார். முன்பலகையைக் கழற்றி, முறிந்த காம்பை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கேட்டேன். "இவ்வளவுதான். ஏன், கஷ்டமான வேலைன்னு யாராவது சொன்னாங்களா?" என்றார். நான் பாலைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அங்கே நிற்கும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. சோதனைக்காக அவர் அந்தக் கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அது இல்லாமலே பழகிப்போன வீட்டில் அந்தச் சத்தம் எல்லா அறைக்கும் போனது. ஓடி வந்து பார்த்தேன். அம்மா பியானோவில் கையை ஊன்றியபடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"வருதாடா?"

"வருதும்மா."

"நல்லா வருதா?"

"நல்லா வருதும்மா."

டிரெம்பத்துக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டுவதை நிறுத்திவிட்டு, கருவிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

இப்போது அம்மாவுக்குக் கீழ்ப்பாதிக் கட்டைகள்தான் கேட்கின்றன. மேல்பாதி முழுவதும் விரலுக்கு மட்டும்தான் தெரிகிறது. ஆனாலும் மறுநாளே உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டாவது துண்டு இத்துடன் இருக்கிறது. பார்த்திருப்பாய், வரிக்கு வரி அந்த ஸ்வரம்தான். இவ்வளவு நாள் தொடாமல் விட்டதை எல்லாம் ஒரே துண்டில் கொட்டியிருக்கிறாள்.

எழுதும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "அது ஒலிக்கிற இடத்துல எல்லாம் கையைத் தூக்கு. ஒலிக்கலைன்னா தூக்காத. பொய் சொல்லாத" என்றாள். இந்த வாரம் முழுக்கக் காலையில் அதுதான் என் வேலை. பாசி கரையில் கிடந்து அழுகுகிறது, கிடக்கட்டும். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு வாசிக்கிறாள். நான் தூக்குகிறேன், இறக்குகிறேன். மெல்ல ஒலித்தால் மெல்லத் தூக்க வேண்டும் என்று நேற்று திட்டு விழுந்தது. அந்தத் திட்டு எனக்குப் பிடித்திருந்தது.

கச்சேரியன்று அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் போடு. எனக்கு அவளுக்குப் பக்கத்தில். வாசிக்கப் போகிறவரிடமும் அரங்கத்து ஆட்களிடமும் முன்கூட்டியே சொல்லி வை: கடைசித் துண்டு முழுக்க ஒருவன் கையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பான், அவனை வெளியே அனுப்பிவிட வேண்டாம்.

அம்மா நலம். மாடுகள் நலம். நீ வரும் விமானத்துக்கு நானே வருகிறேன்.

உன் தம்பி,
கிளைவ்